அச்சடிக்க மறுத்த முன்னாடி அண்ணன்

'மணி என்ன?' என்று கேட்டால் கோபித்துக்கொள்ளும் மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் எங்கள் ஜொகூரில் பிறந்து, பத்து பாகாட்டில் நான் வேலை பார்த்த சட்டைத் தொழிற்சாலைக்கே வந்து சேர்ந்தது என் அதிர்ஷ்டமா, கிரகக் கோளாறா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் வந்த முதல் நாளே கேட்டுவிட்டேன். "அண்ணே, மணி என்ன?"

கையில் கடிகாரம் கட்டியிருந்தார். அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது நல்ல கேள்வி இல்ல, விமலா. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்கணும். இப்பக் கேட்டா ஒண்ணு சொல்வேன், அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா வேற ஒண்ணு சொல்வேன். அந்த மாதிரி பதிலெல்லாம் என் வாயால சொல்றதில்ல. சுவத்துல கடிகாரம் இருக்கு, அதைப் பாருங்க."

பார்த்தேன். சுவர்க் கடிகாரம் போன வருடமே நின்றுபோயிருந்தது. அந்தத் தொழிற்சாலையிலேயே அவருக்கு மிகவும் பிடித்த கடிகாரம் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சம்பளச் சீட்டில் அவருக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதைக் கேட்டாலும் "முன்னாடி எல்லாம் எப்படி இருந்துச்சுன்னா..." என்று ஆரம்பிப்பார். அரை மணி நேரம் கழித்து முடிக்கும்போது 'மொனாட்' என்று ஏதோ ஒன்றைச் சொல்வார். ஆரம்பத்திலும் முன்னாடி, முடிவிலும் காதில் விழுவது ஏறக்குறைய முன்னாடி. பேக்கிங் பகுதிப் பெண்கள் இரண்டே நாளில் 'முன்னாடி அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "முன்னாடி அண்ணே, கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க, டிராலி வருது" என்று தினமும் ஒரு குரல் கேட்கும்.

அவர் எதற்காக வந்தார் என்று சொல்ல வேண்டும். நான் அங்கே ஏற்றுமதிக் கிராணி. எந்தப் பெட்டி எந்தக் கண்டெய்னரில் ஏறுகிறது என்று எழுதி வைப்பது என் வேலை. பேக்கிங் பகுதிக்கு சரசுக்கா மண்டோர். மற்றவர்கள் சூப்பர்வைசர் என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு மேலே நின்று வேலை வாங்குகிற எல்லாரும் மண்டோர்தான். சரசுக்கா இருபது வருடமாகச் சட்டை மடித்தவர். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே எந்த அளவுச் சட்டை என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட சரசுக்காவின் பகுதியிலிருந்து, எட்டு வயதுப் பிள்ளைகள் போடும் டீ-சட்டை ஒரு கண்டெய்னர் நிறையப் போனது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்தால், பாதி உறைகளில் 'பெரியவர், எக்ஸ்-எல்' என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. தௌக்கே, அதாவது எங்கள் முதலாளி, சரசுக்காவைக் கூப்பிட்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொரு தடவை நடந்தால் மண்டோர் வேலை போய்விடும், நூல் வெட்டும் மேசையில் உட்கார வேண்டியதுதான்.

"மெஷின் என்ன குடுத்துச்சோ அதைத்தான் தௌக்கே ஒட்டினோம்" என்று சரசுக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

ஆனாலும் லேபிள் அச்சடிக்கும் கணினி நிரல் மிகப் பழையது, அதை மாற்றிவிடலாம் என்று தௌக்கே முடிவு செய்து, முன்னாடி அண்ணனைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரெங்கம் பக்கத்து ஆள். சிங்கப்பூரில் பல வருடம் கணினி வேலை பார்த்துவிட்டு, "எல்லைப் பாலத்துல நின்னு நின்னே பாதி ஆயுள் போச்சு" என்று விட்டுவிட்டு வந்தவர். பத்து பாகாட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். அறை நிறையப் புத்தகம். அடுப்பு கிடையாது.

வந்த முதல் வாரமே சரசுக்காவுக்கும் அவருக்கும் நடந்த உரையாடலை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"தம்பி, நீங்க என்ன எழுதுவீங்க?"

"நான் ஃபங்ஷன் மட்டும்தான் எழுதுவேன், அக்கா. வேற எதுவும் எழுத மாட்டேன்."

சரசுக்கா முகம் மலர்ந்தது. "நல்லதா போச்சு! எங்க அக்கா பேத்திக்குக் காதுகுத்து வருது. ஒரு பத்திரிகை எழுதிக் குடுத்துடுங்க."

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "உங்க ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்கியுமெண்ட்?"

"ஆர்கியுமெண்ட் இல்லாத ஃபங்ஷன் எங்க குடும்பத்துல ஏது தம்பி? மாமன் சீர்லயே ரெண்டு இருக்கு."

"ரெண்டு போதும்" என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். இருவரும் திருப்தியாகப் பிரிந்தார்கள். எனக்குத்தான் தலை சுற்றியது; கணினிக்காரர்களுக்கு ஃபங்ஷன் என்றால் நிரலின் ஒரு துண்டு, ஆர்கியுமெண்ட் என்றால் அதற்குள் போடும் விவரம் என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துத் தௌக்கே பார்வையிட வந்தார். தௌக்கே பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம், கோபம் வந்தால் ஹொக்கியன். எல்லாவற்றையும் நான் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

"லேபிள் எங்க?"

"ரெடி தௌக்கே. கணக்கெல்லாம் போட்டாச்சு. உள்ளே இருக்கு."

"வெளியே வரட்டும் லா."

"வெளியே வராது. வெளியே வந்தா அது சைட் எஃபெக்ட். இது சுத்தமான மொழி. உள்ளே ஒரு ஆர்டர் குடுத்தா, ஒரு பதில் வரும். அதே ஆர்டர் குடுத்தா அதே பதில்தான் வரும். வெளி உலகத்தைத் தொடவே தொடாது."

"லேபிள் மெஷினையும் தொடாதா?"

"அது வெளி உலகம்தானே தௌக்கே."

தௌக்கே கழுத்துப் பட்டனைக் கழற்றிக்கொண்டார். "இது என்ன மாதிரி மொழி?"

"சோம்பேறி மொழின்னு சொல்வாங்க. யாராவது கேட்டாத்தான் வேலை செய்யும். கேக்கலன்னா சும்மா இருக்கும்."

"அதுக்கு என்கிட்ட ஏற்கெனவே நூறு பேர் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தௌக்கே வெளியேறினார். இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு லேபிளாவது காகிதத்தில் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்ப்பதாகக் கதவருகே நின்று சொன்னார்.

அதற்குள் 'சைட் எஃபெக்ட்' என்ற சொல் பேக்கிங் பகுதிக்குப் போய்விட்டது. முன்னாடி அண்ணன் ஏதோ கடுமையான மருந்து சாப்பிடுகிறார், அதன் பக்கவிளைவால்தான் இப்படிப் பேசுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். சரசுக்கா மறுநாளே தூக்குப் போணியில் கஞ்சி கொண்டுவந்தார். கேண்டீன் நடத்தும் நானா, அவர் எத்தனை தடவை பால் தேநீரான தே தாரிக் கேட்டாலும் பாலில்லாத தே ஓவையே கொண்டுவந்து வைத்தார். "ஒடம்பு முக்கியம் தம்பி" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவார். கேட்டதற்கு வேறு ஏதோ வருவது முன்னாடி அண்ணன் மனதை உறுத்தியிருக்க வேண்டும். கோப்பையையே நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்குப் பாவமாக இருந்தது. அதுதான் நான் செய்த தவறு. கேண்டீனில் அவர் எதிரில் போய் உட்கார்ந்து, "ஏண்ணே, ஒரு லேபிள் அச்சடிக்கிறதுல அப்படி என்னதான் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். யாருமே அதுவரை அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"முன்னாடி எல்லாம் எப்படி இருந்துச்சுன்னா, விமலா, கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும்போதே நடுவுல 'இதை அச்சடி'ன்னு எழுதிடுவாங்க. யாருக்கும் கூச்சமே இல்ல. கூட்டல் போடற இடத்துல போய் அச்சடிச்சா, அது அப்புறம் கூட்டலா?"

"ரெண்டும் ரெண்டும் நாலுதானே அண்ணே வரும்?"

"நாலு வரும். கூடவே ஒரு லேபிளும் வரும். ரெண்டு தடவை கூட்டினா ரெண்டு லேபிள் வரும். அதுலயும் சோம்பேறி மொழின்னா எந்தக் கூட்டலை எப்பப் போடும்னே சொல்ல முடியாது. எந்த லேபிள் முதல்ல வரும், எது கடைசியில வரும், யாருக்குத் தெரியும்? அதனால சில பேர் உட்கார்ந்து யோசிச்சாங்க. நிரல் எதையும் செய்யக் கூடாது. தனக்கு என்ன வேணும்னு சீட்டுச் சீட்டா எழுதி வெளியே அனுப்பணும். வெளியே இருக்கிறவன் செஞ்சிட்டு, பதில் சீட்டை உள்ளே அனுப்பணும்."

"இது நல்லா இருக்கே" என்றேன்.

"நல்லாதான் இருந்துச்சு" என்று பெருமூச்சு விட்டவர், திடீரென எழுந்தார். "செஞ்சே காட்டறேன். நீங்கதான் நிரல். சரசுக்கா வெளி உலகம்."

வெளி உலகமான சரசுக்கா சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டார். நான் சீட்டில் எழுதிக் கேட்கும் சாப்பாட்டை அவர் எடுத்து அனுப்ப வேண்டும். என் இடது பக்கம் கேள்விச் சீட்டுகள். வலது பக்கம் ஒரு தட்டு, மேலே மூடி.

"பதிலெல்லாம் இந்த மூடிக்குக் கீழ இருக்குன்னு நெனச்சுக்கிட்டுதான் நீங்க ஆரம்பிக்கணும்."

"கேக்கறதுக்கு முந்தியே பதிலா?"

"இருக்கு. ஆனா இப்ப திறக்கக் கூடாது. கேள்வியை அனுப்பின பிறகுதான் திறக்கணும்."

என்னிடம் உள்ள குறை, எதையும் பார்க்காமல் இருக்க முடியாது. மீன் இருக்கிறதா, கோழி இருக்கிறதா என்று தெரியாமல் நான் எப்படிச் சீட்டு எழுதுவது? மூடியைத் தூக்கிவிட்டேன். தட்டு காலி.

"ஐயோ! பதிலைத் திறந்துட்டீங்க! இப்ப பதில் வர்ற வரைக்கும் நீங்க அசையக் கூடாது."

"சரி, பதில் எப்ப வரும்?"

"நீங்க கேட்டாத்தான் வரும்."

"கேக்கறேன்."

"கேக்க முடியாது. நீங்கதான் பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்களே."

நான் காத்திருந்தேன். அங்கே சரசுக்கா என் சீட்டுக்காகக் காத்திருந்தார். இடைவேளை முடிந்து சங்கு ஊதியது. நானா மீன் குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. முன்னாடி அண்ணன் மட்டும் உற்சாகத்தில் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா! இப்படித்தான் சிக்கிக்கும்! அதனாலதான் அதைக் கைவிட்டுட்டாங்க!"

"அப்ப வாயால சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் சரசுக்கா, பசியில்.

அடுத்த நாள் அதற்குப் பின் வந்த காலத்துக் கதையை ஆரம்பித்தார். ஒரு வேலையைச் சொல்லும்போதே, அது முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதனுடனேயே சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட வேண்டுமாம். "இது எனக்குத் தெரியும்" என்றார் சரசுக்கா. "எங்க மாமியார் அப்படித்தான் பேசுவாங்க. பாசாருக்குப் போ, போயிட்டு வந்ததும் தேங்கா உடை, உடைச்சதும் துருவு, துருவினதும் உன் புருஷனை எழுப்பு." முன்னாடி அண்ணன் அதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லையாம்.

அதற்கு மறுநாள் உலகம் வந்தது. வேறு ஒரு கூட்டத்தார், முழு உலகத்தையும் ஒரு பொருளாக்கி நிரலின் கையில் கொடுத்துவிட்டார்களாம். நிரல் பழைய உலகத்தை வாங்கிக்கொண்டு, ஒரு லேபிள் கூடுதலாக உள்ள புது உலகத்தைத் திருப்பித் தரும். பழைய உலகத்தை மறுபடி யாரும் தொடக் கூடாது.

தட்டு எடுக்க வந்த நானா நின்று கேட்டார். "அப்ப பழைய உலகத்துல நான் தொலைச்ச குடை?"

"அது புது உலகத்துலயும் இருக்கும் நானா."

"எங்க இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது."

நானா உள்ளே போய் ஒரு தே ஓவைக் கொண்டுவந்து, அதில் சர்க்கரையையும் குறைத்து வைத்தார்.

கடைசியாக அந்த மொனாட். நான் கறிபாப் கடித்துக்கொண்டிருந்தேன்.

"அச்சடிக்கக் கூடாது விமலா. 'அச்சடிக்கும் திட்டம்'னு ஒண்ணு உருவாக்கணும். திட்டம் ஒரு பொருள். கையில வெச்சுக்கலாம். இன்னொரு திட்டத்தோட கோத்துக்கலாம். கோத்துக் கோத்து, கடைசியில ஒரே ஒரு பெரிய திட்டம் ஆயிடும். அதைக் கொண்டுபோய் வாசல்ல வெச்சிட்டு நாம ஒதுங்கிடணும். வெளியே இருக்கிறது எடுத்து நடத்திக்கும்."

"அப்ப அச்சடிக்கிறது யாரு?"

"நாம இல்ல."

"ஆனா அச்சாகுது?"

"ஆகுது."

"அப்ப நாமதானே அண்ணே?"

"இல்ல விமலா. மொனாட்."

நான் தலையாட்டினேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தௌக்கே கொடுத்த இரண்டு வாரம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கும்போது, பேக்கிங் பகுதியில் இருந்த அச்சு இயந்திரம் கிரீச்சென்று சத்தம் போட்டு ஒரு லேபிளைத் துப்பியது. 'சிறுவர், எட்டு வயது'. சரியான ஆர்டர், சரியான அளவு. பெண்கள் கை தட்டினார்கள். சரசுக்கா அந்த லேபிளை எடுத்து முன்னாடி அண்ணன் சட்டைப் பையிலேயே ஒட்டிவிட்டார்.

மற்றவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். முன்னாடி அண்ணனுக்கு ஒரு சந்தேகம். பழைய நிரலும் புது நிரலும் ஒரே ஆர்டருக்கு ஒரே பதிலைத் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றார். ஒரு காலை நேரம், சரசுக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய நிரலில் ஒரே ஆர்டரைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். நான் என் அறையில் வழக்கமான வேலையில் இருந்தேன். 'எட்டு வயது, எட்டு வயது, எட்டு வயது' என்று சரசுக்கா உரக்கப் படிப்பது கதவு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

திடீரென்று, "அலமாக்! எக்ஸ்-எல்!" என்று ஒரு கத்தல்.

அந்தப் பழைய நிரல் ஓடிய இன்னொரு கணினி என்னுடையதுதான். முன்னாடி அண்ணன் விறுவிறுவென்று என் மேசைக்கு வந்தார். "இப்ப என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"ஏதோ பண்ணீங்க."

"பெரியவங்க சட்டை எத்தனை பெட்டின்னு பாத்தேன். சும்மா பாத்தேன் அண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

"எப்படிப் பாத்தீங்க?"

"இங்க எக்ஸ்-எல்னு அழுத்தினா எண்ணிக்கை வரும்."

"இன்னொரு தடவை அழுத்துங்க."

அழுத்தினேன். பேக்கிங்கிலிருந்து சரசுக்காவின் குரல்: "மறுபடியும் எக்ஸ்-எல் வருது தம்பி!"

பழைய நிரல், அளவு என்ன என்பதை ஒரே ஓர் இடத்தில்தான் எழுதி வைத்திருந்தது. பேக்கிங்கும் அதே இடத்தைப் பார்க்கிறது, என் கணினியும் அதே இடத்தில் எழுதுகிறது. நான் இங்கே 'சும்மா பார்க்கும்' ஒவ்வொரு தடவையும், அங்கே அச்சாகிக்கொண்டிருக்கும் லேபிள் மாறிவிடும். அந்தக் கண்டெய்னர் போன நாளில் நான் எக்ஸ்-எல்லை அழுத்திப் பார்த்துவிட்டு, அப்படியே தே குடிக்கப் போயிருக்கிறேன். ஆறு மாதமாக சரசுக்காவின் கழுத்தில் தொங்கியது என் விரல் செய்த வேலை.

முன்னாடி அண்ணன் போய்க் கதவைச் சாத்தினார். மெல்லிய குரலில் சொன்னார்: "நானே போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் விமலா. ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன். அதை மாத்திச் சொல்ல எனக்கு வராது."

இரண்டு நாள் அந்த எக்ஸ்-எல் பட்டன் பக்கமே நான் போகவில்லை. அவர் கேண்டீனில் எனக்கு எதிரில் வந்து உட்காருவார், தே ஓவைக் குடித்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் சரசுக்காவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தார்.

"என்னை விடு புள்ள. லேபிள் ஒட்டிக்கிட்டு இருந்த லெட்சுமிப் பொண்ணை நான் அத்தனை பேர் முன்னாலயும் வெச்சுத் திட்டினேனே. நீதான் மாத்தி ஒட்டினேன்னு. அழுதுகிட்டே வேலைய விட்டுட்டுப் போச்சே." சட்டையை மறுபடி கையில் எடுத்தார். "ஞாயித்துக்கிழமை அவ வீட்டுக்குப் போறோம். நீயும் வர்ற. முதல்ல தௌக்கேகிட்ட சொல்லிட்டு வா."

தௌக்கே அறைக்குப் போனேன். காரணமே கேட்காமல் முன்னாடி அண்ணனும் கூட வந்தார்.

"பட்டனை அழுத்தினது நான்தான் தௌக்கே. சரசுக்கா மேல தப்பு இல்ல."

தௌக்கே என்னைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இவ சொல்றது நிஜமா? யார் தப்பு? ஒரே வார்த்தையில சொல்லு."

"அவங்க சொன்னது நிஜம்தான். ஆனா தப்பு யாருதுன்னு ஒரே வார்த்தையில வராது தௌக்கே. முன்னாடி எல்லாம் எப்படி இருந்துச்சுன்னா..."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கூட்டலுக்கு நடுவில் அச்சடித்த காலத்தில் ஆரம்பித்தார். யார் எங்கே எழுதுகிறார்கள் என்று தெரியாத பொது இடம் எவ்வளவு ஆபத்தானது என்று சொன்னார். சீட்டுகளுக்கு வந்தார். தௌக்கேயின் கைப்பேசி அடித்தது. அவர் எடுப்பதற்குள் மூடிக்குக் கீழே இருக்கும் பதிலைத் திறக்கக் கூடாது என்று விளக்கிவிட்டார். சரசுக்காவின் மாமியாரைச் சொன்னார். உலகத்தைக் கையில் கொடுத்தபோது தௌக்கே நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பழைய உலகத்தைத் திருப்பித் தொடக் கூடாது என்றபோது மேசைமேல் தலையைக் கவிழ்த்துவிட்டார்.

"அப்ப... தப்பு பழைய புரோகிராம்ல" என்று கவிழ்ந்தபடியே சொன்னார்.

"அப்படியும் சுருக்கிட முடியாது தௌக்கே. இன்னும் மொனாட் இருக்கு."

"வேணாம்! போதும் லா! ரெண்டு பேரும் வெளிய போங்க!"

அன்று மதியம் சரசுக்காவின் எச்சரிக்கைக் கடிதம் ரத்து என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. பழைய நிரலை அன்றே கழற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் லெட்சுமி வீட்டுக்குப் போனோம். அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டிருந்தாள். திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஆனால் சரசுக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியபோது கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் சொல்ல நினைத்ததில் பாதிகூட என் வாயில் வரவில்லை.

திங்கட்கிழமை முன்னாடி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, நிஜத்தைச் சொல்லுங்க. என்னைக் காப்பாத்தத்தானே தௌக்கேயை வேணும்னே குழப்பினீங்க?"

அவர் முகம் வாடிவிட்டது. "குழப்பினேனா? அவ்வளவு தெளிவா சொன்னேனே விமலா. எந்த இடம் உங்களுக்குப் புரியல?"

வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. சரசுக்கா வேண்டுமென்றே என்கிறார். நானா, அது மருந்து என்கிறார்.

இரண்டு வருடம் கழித்து வடக்கே ஒரு கல்லூரியில் அவருக்குப் பாடம் நடத்தும் வேலை கிடைத்தது. நானும் சரசுக்காவும் அவரையும் அவருடைய ஒன்பது புத்தகப் பெட்டிகளையும் என் சின்னக் காடியில் திணித்துக்கொண்டு குளுவாங் ரயில் நிலையத்துக்குப் போனோம். சரசுக்கா மடியில் இரண்டு பெட்டி. பிளாட்பாரத்தில் பெட்டிகளை இறக்கி வைத்ததும் முன்னாடி அண்ணன் ஆரம்பித்தார்.

"விமலா, இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு. மொனாடை விட லேசு. நிரல் தனக்கு என்ன வேணும்னு சொல்லிட்டு அங்கேயே நின்னுடும். அதை எப்படி நிறைவேத்தறதுன்னு வெளியில சுத்தி இருக்கிறவர் முடிவு பண்ணுவார். முடிச்சிட்டு, விட்ட இடத்துலேர்ந்தே தொடரச் சொல்லுவார். ஒரே நிரல்தான். சுத்தி இருக்கிறவர் மாறினா..."

ரயில் வந்துவிட்டது. பெட்டிகளை ஏற்றினோம். அவர் ஏறி உட்கார்ந்தார், கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கைகள் இரண்டும் காற்றில் எதையோ கோத்துக் காட்டின. ரயில் நகர்ந்தது. 'புரியுதா?' என்று அவர் கேட்டது உதட்டசைவில் தெரிந்தது.

புரிகிறது என்று நாங்கள் இருவரும் பலமாகத் தலையாட்டினோம். ரயிலின் கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறையும் வரை ஆட்டினோம்.

"என்ன புள்ள சொன்னாரு?" என்றார் சரசுக்கா.

"தெரியலக்கா."

"எனக்கும்தான்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரட்டும். திரும்பி வந்து இன்னொரு வாட்டி சொல்லட்டும்."